‘டக்’ என்றால் என்ன அர்த்தம்?

விடியற்காலை 5.45 மணி. தெருவில் பால் பாக்கெட் போடுகிற பையனையும் இரண்டு நாய்களையும் தவிர யாரும் இல்லை. பின்சீட்டில் அப்பா. மடியில் மஞ்சள் பை. பைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல், சொட்டு மருந்து, ஒரு மாற்று வேட்டி. அன்றைக்கு அவருக்கு வலது கண்ணில் காட்ராக்ட் ஆபரேஷன். ‘ஆறரைக்கெல்லாம் வந்துடுங்க, வெறும் வயித்தோட வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை வேறு.

சாவியைப் போட்டேன். டாஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்கும் ஜோராக எரிந்தன. திருப்பினேன்.

‘டக்!’

அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடி ‘டக்’. ஏழெட்டு தடவை திருப்பியிருப்பேன். ஒவ்வொரு தடவையும், கூப்பிட்ட குரலுக்கு ‘ம்’ கொட்டிவிட்டுப் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி ஒரே ஒரு ‘டக்’.

இதில் எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம், அந்த பேட்டரியின் வயசு. சரியாகப் பதினோரு நாள்!

பன்னிரண்டு நாள் முன்னால் இதே ‘டக்’ வந்தபோது, மாடி வீட்டுக்காரர் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டே, ‘‘பேட்டரி போச்சு தம்பி’’ என்று தீர்ப்புச் சொன்னார். இஸ்திரி வண்டிக்காரர் ஆமோதித்தார். நானும் பேட்டரிக் கடைக்குப் போன் செய்து, நாலாயிரத்துச் சில்லறை எண்ணிக்கொடுத்து, பழசைத் தள்ளிவிட்டுப் புதுசைப் போட்டுக்கொண்டேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. பத்து நாள் ராஜா மாதிரி ஓடியது. பதினோராம் நாள், அதுவும் அப்பாவின் கண்ணுக்கு நாள் குறித்த அன்றைக்குப் பார்த்து, பழைய குருடி கதவைத் திறடி!

ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வருவதற்குள் ஆறரை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஏழேகால். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. வரிசையில் அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குக் கடைசி இடம். பகல் ஒரு மணி. பதினொன்றரை வாக்கில் அப்பாவின் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால், அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த ‘டக்’குக்கு என்ன அர்த்தம் என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ளக் கிளம்பினேன். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், கரண்ட் அக்கவுண்ட். எனக்கே புரிந்துவிட்டது என்றால் உங்களுக்குப் புரியாதா என்ன?

கல்லாப்பெட்டி கொடுத்த ஐடியா

ஆரம்ப காலத்துக் கார்களில், முன்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்றித்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். இன்ஜின் சட்டென்று எதிர்ப்பக்கமாக உதைத்தால் மணிக்கட்டு காலி. (நம் ஊர் அம்பாசடரில்கூட அந்தக் கம்பிக்கு ஓட்டை உண்டு. பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.)

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் முன்பு வேலை பார்த்தது, கடைகளில் வைக்கிற கேஷ் ரெஜிஸ்டர் செய்யும் கம்பெனியில். அங்கே கல்லாப்பெட்டிக்கு அவர் வைத்த குட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. பட்டனைத் தட்டும்போது ஒரு நொடி முழு மூச்சாக இழுத்தால் போதும். இன்ஜினை எழுப்பவும் அதே போல ஒரு சின்ன மோட்டார், சில நொடி அசுர வேகம் போதுமே என்பதுதான் அவர் பிடித்த சூட்சுமம். 1912-ம் வருஷ கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது அப்படித்தான்.

அந்த ‘அசுர வேகம்’ என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சின்ன காரின் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் கரண்ட்டை உறிஞ்சும். ஒரு ஹெட்லைட் பல்புக்குத் தேவை ஏறக்குறைய 5 ஆம்பியர். ஆகவே, ‘‘லைட் எரியுது ஸார், ஹாரன் அடிக்குது ஸார், அப்புறம் எப்படி பேட்டரி வீக்குன்னு சொல்றீங்க?’’ என்று மெக்கானிக்கிடம் சண்டை போடாதீர்கள். சட்டைப்பையில் டீக்குக் காசு இருக்கிறது என்பதால் அடுத்த மாச வாடகைக்கும் பணம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஹெட்லைட் கேட்பது டீக்காசு. செல்ஃப் மோட்டார் கேட்பது வாடகையும் அட்வான்ஸும்.

‘டக்’ எங்கிருந்து வருகிறது?

அத்தனை கரண்ட்டையும் சாவி சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகிவிடும். அதனால் நடுவில் ஓர் இடைத்தரகர். பெயர் சொலினாய்டு. செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் கொஞ்சூண்டு கரண்ட் அதற்குப் போகும். அது காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு இரண்டு வேலை செய்யும். ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரத்தை இன்ஜினோடு கோத்துவிடும். இன்னொரு பக்கம் இரண்டு செப்புத் துண்டுகளை இணைத்து பெரிய கரண்ட்டை மோட்டாருக்குத் திறந்துவிடும். நீங்கள் கேட்கிற ‘டக்’ அந்தத் தண்டு அடிக்கிற சத்தம்.

அதாவது ‘டக்’ என்றால், ‘உத்தரவு வந்து சேர்ந்தது, நான் என் வேலையைச் செய்தேன்’ என்று இடைத்தரகர் சொல்கிறார். அதற்குப் பிறகும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ. எங்கே என்பதை, எத்தனை ‘டக்’ என்று எண்ணினால் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணிப் பாருங்கள்

*டகடகடகடக...* தட்டச்சு மெஷின் மாதிரி படபடவென்று வந்தால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். தண்டு இழுபட்டு, மோட்டார் கரண்ட் கேட்ட மாத்திரத்தில் பேட்டரி மூச்சு விட்டுவிடுகிறது. வோல்ட் சரிகிறது. காந்தம் விட்டுவிடுகிறது. மோட்டார் கேட்பது நின்றதும் வோல்ட் மறுபடி ஏறுகிறது. மறுபடி ‘டக்’. செகண்டுக்குப் பல தடவை இந்த நாடகம்!

*டக்.* ஒரே ஒரு தடவை, அப்புறம் நிசப்தம். இதுதான் வில்லங்கமான பார்ட்டி. பேட்டரி அடியோடு படுத்திருக்கலாம். டெர்மினலில் உப்பு பூத்திருக்கலாம். எர்த் கேபிள் அரித்திருக்கலாம். சொலினாய்டுக்குள் செப்புத் துண்டு தேய்ந்திருக்கலாம். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இன்ஜினே பிடித்துக்கொண்டும் இருக்கலாம். ஆறு சந்தேக ஆசாமிகள். மாடி வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்தது முதல் ஆசாமியை மட்டும்.

*சத்தமே இல்லை.* உத்தரவு இடைத்தரகருக்கே போய்ச் சேரவில்லை. ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச். ஆட்டோமேடிக் என்றால் கியர் ‘பி’ அல்லது ‘என்’னில் இருக்கிறதா, சில வண்டிகளில் கிளட்ச்சை முழுசாக மிதித்தீர்களா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு வண்டி இங்கேயே ஸ்டார்ட் ஆகிவிடும். (யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடலாம்.)

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது தனிக் கதை. பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். செல்ஃபையோ பேட்டரியையோ திட்டாதீர்கள்.

காசில்லாத டெஸ்ட்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். இப்போது சாவியைத் திருப்பி, வெளிச்சம் என்ன ஆகிறது என்று பாருங்கள். (சில புதுக் கார்களில் ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் தானாகவே அணையும். அங்கே உள்விளக்கைப் பாருங்கள்.)

வெளிச்சம் சிம்னி விளக்கு மாதிரி மங்கினால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்படியும் மங்கினால் பேட்டரியை சார்ஜ் போட வேண்டும்.

‘டக்’ கேட்கிறது, ஆனால் வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை என்றால், பெரிய கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. பேட்டரி மேல் பழி போடாதீர்கள். சொலினாய்டின் செப்புத் துண்டு, கார்பன் பிரஷ், கேபிள், இன்ஜின் எர்த் என்று தேடுங்கள்.

பேட்டரி நல்ல பேட்டரி, டெர்மினலும் சுத்தம், ஆனாலும் கனமாக ஒரு ‘டொக்’ கேட்டு வெளிச்சம் இறங்குகிறது என்றால், மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போய்க் கிடக்கிறது. கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த டெஸ்ட்டுக்கு ஆகிற செலவு பூஜ்யம். நேரம், அரை நிமிஷம். பன்னிரண்டு நாள் முன்னால் நான் இதைச் செய்திருந்தால் வெளிச்சம் மங்கவே இல்லை என்பது தெரிந்திருக்கும். நாலாயிரம் மிஞ்சியிருக்கும். அப்பாவும் ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்.

சில நூறு ரூபாய் மருத்துவர்

எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளை பாசிடிவிலும் கறுப்பு முள்ளை நெகடிவிலும் வையுங்கள். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பார்த்தீர்களா... 12.6-க்கும் 12-க்கும் வித்தியாசம் வெறும் 0.6. ஆனால், அதற்குள்ளேதான் பேட்டரியின் மொத்த சொத்தும் இருக்கிறது.

அடுத்தது, சாவியைத் திருப்பும்போது 10 வோல்ட்டை ஒட்டியாவது நிற்க வேண்டும். ஒன்பதுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. கடைசியாக, வண்டி ஓடும்போது ஏறக்குறைய 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நிற்கிறது என்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. அந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் ஒரே கதிதான். மாச வருமானம் நின்றுபோன வீட்டில் எவ்வளவு பெரிய சேமிப்பு இருந்தால்தான் என்ன?

பேட்டரி நல்லதாகவே இருந்து, நாமே காலி செய்வதும் உண்டு. சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹெட்லைட்டையும் அணைக்க மறந்தால் மூன்று நாலு மணி நேரத்தில் சுத்தமாக இறங்கிவிடும். 5 வாட் உள்விளக்குகூட இரண்டு மூன்று நாளில் வேலையைக் காட்டும். வண்டியை ஓட்டாமலே வைத்திருந்தாலும் அலாரமும் கடிகாரமும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 2020 ஊரடங்கில் எத்தனை வீட்டு வாசலில் ‘டகடக’ கேட்டது, ஞாபகம் இருக்கிறதா?

டூவீலர்க்காரர்களுக்கு

ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் ஸ்கூட்டர் ‘டக்’ என்றாலும் சாஸ்திரம் இதுவேதான். சீட்டுக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ இருக்கிற ரிலேயின் சத்தம் அது. கார் பேட்டரியோடு பார்த்தால் ஸ்கூட்டர் பேட்டரி குட்டிப் பயல். 3, 4 ஆம்பியர்-அவர் என்பதெல்லாம் சகஜம். நாலு நாள் ஓட்டாவிட்டால் முகம் வாடும். வயசான பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே பிரேக் லைட்டைப் பாருங்கள். அடியோடு மங்கினால் பேட்டரி பக்கம் போங்கள். சத்தமே இல்லை என்றால் சைடு ஸ்டாண்டு, கிளட்ச், சிவப்பு கில் சுவிட்ச். கில் சுவிட்ச்சை ஆபீஸ் பார்க்கிங்கில் யாரோ விளையாட்டுக்குத் தட்டிவிட்டுப் போக, மாலையில் மெக்கானிக்கைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. இன்னொரு சங்கதி, ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றாகவே இருக்கிற புது ஸ்கூட்டர்களில் பழைய ‘கரகர’ சத்தமே வராது. அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

கிக்கர் இருந்தால் உதைத்துக் கிளப்பலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்கு மட்டும்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரையும் ஆட்டோமேடிக் காரையும் கன்னியாகுமரி வரை தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு டூவீலர்களிலும் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். பெட்ரோலை அனுப்புகிற பம்ப்புக்கே கரண்ட் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளுவதும் வீண் என்றாகிவிட்டது.

செய்யாதீர்கள்... செய்யாதீர்கள்!

கோபத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி அழுத்தாதீர்கள். ஐந்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் பிடிக்கக்கூடாது. நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் சின்னக் கோளாறு பெரிய பில்லாகும்.

டெர்மினலைக் கழற்றும்போது நெகடிவ் முதலில். மாட்டும்போது நெகடிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் மத்தாப்புதான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கழுவிவிடும். பேட்டரி மூடி துவாரத்துக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் போதும்.

பக்கத்து காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் வரிசை முக்கியம். சிவப்பு, படுத்துவிட்ட பேட்டரியின் பாசிடிவுக்கு. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிடிவுக்கு. கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகடிவுக்கு. கறுப்பின் மறுமுனை, படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. காரணம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசியாக மாட்டும்போது பொறி பறக்கும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக்கூடாது.

முக்கியமாக ஒன்று. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்த கையோடு ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அப்புறம் வருகிற பில்லைப் பார்த்தால் நமக்கும் முதுகு வளையும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்கள் இதை வாசல் நிலையில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

அந்த ஆறாவது நிமிஷம்

என் வண்டிக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறக்காமலே ‘‘செல்ஃப் மோட்டார் மாத்தணும் ஸார்’’ என்றார். சொன்ன ரேட்டைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம், ஆபீஸ் நண்பர் சொன்ன இன்னொருவர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். காதில் பென்சில். ‘‘லைட்டைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க ஸார்’’ என்றார். ‘டக்’. வெளிச்சம் அசையவில்லை. ‘‘இன்னொரு தபா.’’ ‘டக்’. அவர் இன்ஜின் பக்கம் குனிந்து ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு சிரித்தார். ‘‘தொட்டுப் பாருங்க.’’ தொட்டேன். சுட்டது!

இன்ஜினே ஓடவில்லை. பெடலுக்குப் போகிற கேபிள் எதற்குச் சுட வேண்டும்?

அவர் பதில் சொல்லவில்லை. ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்தார். ஒரு முனை பேட்டரி நெகடிவில், மறுமுனை இன்ஜின் இரும்பில். ‘‘இப்ப அடிங்க.’’

முதல் திருப்பிலேயே இன்ஜின் ஜம்மென்று எழுந்தது.

அப்புறம்தான் விளக்கினார். இன்ஜின் ரப்பர் மெத்தை மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. ஆகவே, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பின்னல் பட்டை உண்டு. அதுதான் இன்ஜின் எர்த். மோட்டாருக்குப் போன அத்தனை கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பி வருகிற ஒரே ராஜபாட்டை. என் வண்டி 2023 டிசம்பர் மழையில் சக்கரம் மூழ்க ஒரு நாள் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பட்டையின் அடி போல்ட்டு மட்டும் எட்டு மாசமாக நிதானமாகத் துருப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ராஜபாட்டை அடைத்துக்கொண்டதும், கரண்ட் சந்துபொந்து தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அந்தச் சூடுதான் அது.

நம் கணக்குக்கே வருகிறேன். துருப்பிடித்த ஜாயிண்ட்டில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் போனால் அரை வோல்ட்தான் நஷ்டம், யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் 100 ஆம்பியர் போக வேண்டும் என்றால் நஷ்டம் 10 வோல்ட். பன்னிரண்டில் பத்து போனால் மோட்டாருக்கு மிச்சம் இரண்டு. அதை வைத்துக்கொண்டு அது என்னத்தைச் சுற்றும்? சொலினாய்டு தண்டை ஒரு தடவை ‘டக்’ என்று இழுக்க மட்டும்தான் தெம்பு இருந்திருக்கிறது.

‘‘அப்ப, புது பேட்டரி போட்டதும் ஓடிச்சே?’’ என்று கேட்டேன்.

‘‘பட்டை பேட்டரிக்குப் பக்கத்துலதான் ஸார் இருக்கு. கடைப் பையன் பேட்டரியைக் கழட்டி மாட்டறப்ப அதையும் ஆட்டியிருப்பான். துரு கொஞ்சம் உதிர்ந்து, நாலு நாள் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். உங்க பழைய பேட்டரியை எங்க ஸார் போட்டீங்க?’’

நான் வானத்தைப் பார்த்தேன். அது நல்ல பேட்டரி. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒன்றரை வருஷமாவது உழைத்திருக்கும் என்றார் அவர், என் வயிற்றெரிச்சலைப் பொருட்படுத்தாமல்.

போல்ட்டைக் கழற்றினார். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்தார். புதுப் பட்டை ஒன்றைப் போட்டு இறுக்கினார். மல்டிமீட்டரில் ஒரு முள்ளை பேட்டரி நெகடிவிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காட்டினார். ‘‘இது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது ஸார். தாண்டினா எர்த்து சரியில்லைன்னு அர்த்தம். பேட்டரியைத் தொடாதீங்க.’’ பட்டையும் கூலியும் சேர்த்து நான் கொடுத்தது, பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவையும் கண்ணில் பச்சைத் திரை போட்டுக்கொண்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆபரேஷன் அன்று ஆட்டோவில் போகும்போது அவர் ஏதோ சொன்னார். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு சரியாகக் காதில் வாங்கவில்லை.

‘‘அன்னிக்கு ஆட்டோல என்னமோ சொன்னீங்களேப்பா?’’

‘‘ஒண்ணுமில்லடா. டார்ச் லைட் எரியலைன்னா, நான் உடனே புது செல் வாங்க மாட்டேன். மொதல்ல மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை உப்புத்தாள்ல தேய்ச்சுப் பார்ப்பேன்னு சொன்னேன். உனக்கு காரு, எனக்கு டார்ச் லைட்டு. எனக்கென்ன தெரியும்?’’

மெக்கானிக் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.